சூரியநெல்லியிலிருந்து ரயிலுக்குப் போகும் வழி

சூரியநெல்லி கடைத்தெருவில் யாரை நிறுத்தி, "ரயில் பிடிக்க எங்க போகணும்?" என்று கேட்டாலும் கை கிழக்கே நீளும். போடி. பூப்பாறை வழியாகப் போடிமெட்டு, அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் போடிநாயக்கனூர். எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஊர் இருப்பதோ கேரளத்தின் இடுக்கி மாவட்டம், சின்னக்கானல் பஞ்சாயத்தில். சொந்த மாநிலத்துக்குள்ளேயே ரயில் ஏற வேண்டுமென்றால் மேற்கே ஆலுவாவுக்கோ எர்ணாகுளத்துக்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் உருள வேண்டும். மூணாறுக்குப் போகும் கேப் ரோட்டில் மண் சரிந்து கிடந்தால் அதுவும் இல்லை.

கேரளத்தின் 14 மாவட்டங்களில் ரயில் தண்டவாளமே இல்லாதவை இரண்டு: வயநாடு, இடுக்கி. இடுக்கிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்ல, இங்கேயே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட, இவ்வளவு உயரத்துக்கு ரயில் எப்படி வரும் என்றுதான் கேட்கிறார்கள். வந்திருக்கிறது. 1902-இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908 முதல் 1924 வரை நீராவி இன்ஜின் இழுத்த குறும்பாதை ரயில். மூணாறில் புறப்பட்டு மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை அது ஓடியது. இந்தியாவின் முதல் மோனோரயில் என்று ரயில்வே வரலாறு எழுதுகிறவர்கள் குறிப்பிடுவது இந்தக் குண்டளைப் பள்ளத்தாக்குப் பாதையைத்தான்.

அந்த ரயிலின் கதையை மூணாறில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லி முடிப்பார்கள்: 'வெள்ளம் வந்தது, அடித்துக்கொண்டு போனது.' வெள்ளம் அடித்துப்போன ரயில் பாதைகளை மறுபடி போட்டிருக்கிறார்கள். இதை மட்டும் ஏன் போடவில்லை? நூறு ஆண்டுகள் கழித்தும் சூரியநெல்லிக்காரர் ஏன் போடிக்கே போகிறார்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் கிடக்கிறது.

கிழக்கு வாசல்

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். காப்பி, சின்கோனா, ஏலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். அது பிடித்துக்கொண்டது. 1897-இல் ஃபின்லே குழுமத்தின் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானபோது, தனித்தனித் துரைகளின் எஸ்டேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கைக்கு வரத் தொடங்கின.

தேயிலை விளைந்தது. அதை எப்படி இறக்குவது? வரைபடத்தில் பார்த்தால் அரபிக்கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மேற்கே அடர்காடு, பெரியாற்றின் கிளையாறுகள், யானை, மலேரியா. போதாததற்கு, அந்த நாளில் கொச்சியில் பெரிய கப்பல் உள்ளே வந்து நிற்கும் துறைமுகமும் கிடையாது. கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும், இறங்கிய உடனே போடிச் சமவெளி, மாட்டுவண்டித் தடம், சந்தை, ஆள். மலைமேல் வேலைக்கு வந்தவர்கள் ஏறி வந்த வழியும் அதுதான். பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையே ஒரு வாசல் விட்டு வைத்திருந்ததால் 1860-களின் தொடக்கத்திலேயே சென்னை ரயில் அந்தக் கணவாய் வழியே மலபார் கடற்கரைக்குப் போய்விட்டது. போடிக்கு மேலே அப்படி ஒரு கணவாய் இல்லை. சுவரைத்தான் ஏற வேண்டும்.

ஆக, மூணாற்றுத் தேயிலைப் பெட்டியின் பயணம் இப்படி இருந்தது: மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன். அங்கே மலை முடிகிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடி. அந்த இடத்துக்கே பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் விழுந்தது. பிறகு மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர் போடி. போடிக்கு அப்போது ரயில் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-லும், தூத்துக்குடிக்கு அதற்கடுத்த ஆண்டும் வந்துவிட்ட தென்னிந்திய ரயில்வேயின் தடத்தைத் தொட, இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் வரை வண்டி கட்டிப் போக வேண்டும். பிறகு தூத்துக்குடி, கப்பல், லண்டன்.

இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி முதல் கண்ணிதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் வண்டிச்சக்கரம் சேற்றில் அச்சு வரை புதையும். ஆண்டுதோறும் பெட்டிகள் கூடிக்கொண்டே போயின; மாடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மாடு இழுத்த மோனோரயில்

1902-இல் கம்பெனி செய்த ஏற்பாடு, இன்று படித்தாலும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வருகிற ஏற்பாடு. சாலையின் ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் அடியில் சிறிய சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தண்டவாளத்தின் மேல் உட்காரும். வண்டி கவிழ்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு நீளக் கை; அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம்; அது சாலையில் உருளும். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பக்கத்தில் மாட்டிவிடும் சின்னச் சக்கரம் செய்கிற வேலையைத்தான் அந்தப் பெரிய சக்கரம் செய்தது. முன்னால் மாடுகள், மண் சாலையில் வழக்கம்போல நடக்கும்.

இதற்கு யூவிங் முறை என்று பெயர். நுட்பம் எளியது. பாரத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ முழுதுமே, தண்டவாளத்தின் மேல் இறங்கிவிடும். சாலைச் சக்கரம் தாங்குவது கொஞ்சம்தான். இரும்பின் மேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு என்பதால், சேற்றுச் சாலையில் திணறிய அதே மாடு பல மடங்கு பாரத்தை இழுக்கும். ஒரே தண்டவாளம் என்பதால் இரும்புச் செலவு பாதி. இரண்டு தண்டவாளங்களையும் ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில் பிடித்து வைக்கும் தொல்லை இல்லை. மலைச்சாலையின் குறுகிய வளைவுகளிலும் வண்டி திரும்பிவிடும். தண்டவாளத்துக்கென்று தனியாக நிலமும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் சாலையே போதும்.

இதே முறையில் பின்னர் 1907-இல் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஒரு பாதை போட்டார்கள். அங்கே நீராவி இன்ஜினும் ஓடியது. ஆட்களும் ஏறிப் போனார்கள். 1927-இல் அது மூடப்பட்டாலும், அதன் ஒரு இன்ஜினைப் பழுதுபார்த்து தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். குண்டளையின் மாட்டு மோனோரயில் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தில்லிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த 1902-ஆம் ஆண்டையும் கொஞ்சம் கவனிக்கலாம். அதே ஆண்டில்தான் கொச்சி சமஸ்தானம் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் விட்டது. அதற்குப் பணம் போதாமல் மகாராஜா, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது கேரளத்தில் எல்லோரும் அறிந்த கதை. 1904-இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து ரயில் வந்தது. மன்னர்கள் ரயிலுக்காக நகையை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மலைமேல் ஒரு தேயிலைக் கம்பெனி தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, தனக்கு வேண்டிய ரயிலைத் தானே போட்டுக்கொண்டது. அரசுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மறக்கக் கூடாது.

கிடையாக ரயில், செங்குத்தாக வடம்

1908-இல் மோனோரயிலை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை போட்டார்கள். டார்ஜிலிங் மலை ரயிலுக்கும் அதே அகலம்தான். சிறிய நீராவி இன்ஜின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள்.

அதே 1908-இல்தான் குன்னூரில் நின்றுகொண்டிருந்த நீலகிரி மலை ரயில் ஊட்டியை எட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். நீலகிரி ரயில் மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்து மலையையே ஏறுகிறது. குண்டளை ரயில் மலை ஏறவே இல்லை. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டர் சொச்சம். ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல உயர்ந்தால் போதும், பல்சக்கரம் தேவையில்லை. மலை விளிம்பில் நின்று பார்த்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே விழும் சரிவை ரயில் தொடக்கூட முயலவில்லை. அந்த வேலையைக் கம்பிவடம் பார்த்துக்கொண்டது. செலவைக் கணக்கிட்டால் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு அன்று இருந்திருக்க முடியாது.

ஆனால் இதிலேயே ஒரு வினையும் இருந்தது. கீழேயிருக்கும் ரயில் வலையோடு தண்டவாளத்தால் சேராத ரயில் அது. எஸ்டேட் ஆட்களும் சாமான்களும் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே அதில் போய் வந்தார்கள் என்றாலும், மதுரையில் டிக்கெட் எடுத்து மூணாறில் இறங்க முடியாது. ஊட்டிக்கு அது முடிந்தது.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டி வந்த குடும்பங்கள் கொட்டகுடி, குரங்கணி வழியே கால்நடையாகவே ஏறின. தலையில் பாத்திரம் பண்டம், இடுப்பில் பிள்ளை. அவர்கள் ஏறிய அதே சரிவில், தலைக்கு மேலே கம்பியில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. தேயிலைக்கு வாகனம் இருந்தது. கொழுந்து கிள்ளப் போகிறவர்களுக்கு இல்லை. இதற்காகக் கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் தோட்டத் தொழில் நடந்த இடமெல்லாம் இப்படித்தான். ஆனால் மூணாற்று ரயிலின் பழைய புகைப்படத்தைப் பார்த்து உருகுகிறவர்கள், அந்தப் படத்துக்கு வெளியே நடந்து வந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். மூன்று வாரம் போல விடாத மழை. முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் ஊர் கட்டினால் என்ன ஆகும் என்பதை மூணாறு அன்று பார்த்தது. மாட்டுப்பட்டியில் சரிந்த மண்ணும் மரங்களும் ஆற்றை அடைத்து, நீர் தேங்கி, ஒரு நாள் உடைத்துக்கொண்டு பாய்ந்ததாக மூணாற்றுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ரயில் பாதையோ அந்த ஆற்றின் கரையை ஒட்டியே போடப்பட்டது. அந்தப் பாதை அழிந்துபோனது. மேற்கே பூயங்குட்டி, மாங்குளம் காடுகள் வழியே ஆலுவாவுக்குப் போன பழைய சாலையும் அதே மழையில் அழிந்தது.

இங்கேதான் கதையை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. அழிந்தவை இரண்டு: கிழக்கே போகும் ரயில், மேற்கே போகும் சாலை. எதைத் திரும்பக் கட்டினார்கள் என்று பாருங்கள்.

1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்திருந்தார். காயல் வாயை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டி, கடற்கப்பல் உள்ளே வரும் துறைமுகம் அமைப்பது அவர் வேலை. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1931-இல், மகாராணி சேதுலட்சுமிபாய் காலத்தில், ஆலுவா–மூணாறு புதிய சாலை திறக்கப்பட்டது. 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே பாலம் வந்தது. லாரி வந்துவிட்ட காலம் அது. மூணாற்றில் ஏற்றிய பெட்டியை வழியில் எங்கும் மாற்றாமல் கொச்சித் துறைமுகத்தில் இறக்கலாம். கிழக்கு வழியில் ரயில், வடம், மாட்டுவண்டி, மறுபடி ரயில் என்று நான்கு முறை ஏற்றி இறக்க வேண்டும். கணக்குப் பிள்ளை யாராக இருந்தாலும் மேற்கைத்தான் காட்டியிருப்பார்.

ஆகவே வெள்ளம் அந்த ரயிலைச் சாய்த்தது. மறுபடி எழுந்திருக்கவிடாமல் செய்தது கொச்சித் துறைமுகமும் லாரியும். கம்பெனிக்காக மட்டும் இருந்த ரயில், கம்பெனிக்குத் தேவை தீர்ந்த அன்றே தீர்ந்தது. அதே 1908-இல் ஊட்டிக்குப் போன ரயிலைப் பாருங்கள். மண் சரிவு, நஷ்டக் கணக்கு, மூடிவிடலாம் என்ற பேச்சு எல்லாவற்றையும் தாண்டி ஓடி, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. பொதுமக்கள் ஏறிய ரயில் அது. மூடுகிறோம் என்றால் கேட்க ஆள் இருந்தது. குண்டளை ரயிலுக்காகக் கேட்க ஒருவரும் இல்லை.

நான்கு ஆண்டு தாமதம்

விதியின் வேடிக்கை இனிமேல்தான். மலைமேல் ரயில் செத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1928-இல், மலையடிவாரத்துக்கு ரயில் வந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாகப் போடி வரை 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. கொச்சியில் 'பத்மா' நுழைந்த அதே ஆண்டு. டாப் ஸ்டேஷனில் இன்ஜின் விசில் கேட்டிருந்த காலத்திலேயே இந்தப் பாதை வந்திருந்தால், கொட்டகுடியையும் போடியையும் இணைப்பதற்கு மிச்சம் 15 கிலோமீட்டர்தான். இரண்டு ரயில்களும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

போடி ரயிலின் வாழ்க்கையும் சுகமாக இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது இரும்புத் தேவைக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். அதன்பின் அரை நூற்றாண்டு, ஏலக்காய் மூட்டையும் பருத்திப் பொதியும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறிய பாசஞ்சர் ரயில் அந்தத் தடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. 2010 முடிவோடு அகலப்பாதையாக மாற்றுவதற்காக அதை நிறுத்தினார்கள். அகலமாக்க ஆண்டுகள் ஓடின. தேனி மாவட்டத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். பணம் ஒதுக்குவதும் நிற்பதுமாக இருந்தது. ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. 2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரை, அதே ஆண்டு இறுதியில் ஆண்டிபட்டி வரை சோதனை ஓட்டம் நடந்தது. 2022 மே 26 அன்று மதுரை–தேனி 75 கிலோமீட்டர் பாதையைப் பிரதமர் சென்னையிலிருந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். மீதமிருந்த 15 கிலோமீட்டரும் முடிந்து, 2023 ஜூன் 15 அன்று போடிக்கு ரயில் திரும்பி வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக வாரம் மூன்று நாள் ஓடும் விரைவு ரயிலும் அன்றே தொடங்கியது. இரவு சென்னையில் ஏறினால் காலையில் போடி.

இந்த இடத்தில் இன்னொரு பயணியைச் சொல்லாமல் விட முடியாது. சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் நகருக்குள் இறங்கி நடந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு கொண்டுபோனது. போடிக்கு ரயில் வருவதற்குப் பத்து நாள் முன்பு நடந்த கதை இது. சின்னக்கானல்காரர் யாராக இருந்தாலும் கிழக்கே இறங்கிப் பழகியவர்தான் போல.

மேலே யார், கீழே யார்

1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடிய வரலாறு தெரிந்ததுதான். தமிழர் மிகுதி என்பது ஒரு வாதம். தோட்ட வேலைக்கு வந்து போகும் கூட்டம், நிலைத்த குடி அல்ல என்பது எதிர்வாதம். எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பெழுத வரவில்லை. எல்லைக்கோடு விழுந்த பிறகும் மலைமேல் இருந்தவர்களின் கல்யாணம், காதுகுத்து, குலசாமி, பத்திரப்பதிவு எல்லாம் கிழக்கேதான் இருந்தன. தேயிலை 1931-லேயே மேற்கே திரும்பிவிட்டது, ஆட்கள் திரும்பவில்லை.

எல்லை எவ்வளவு குழப்பமானது என்பதற்குச் சூரியநெல்லியே சாட்சி. ஊருக்கு மேலே ஜீப்பில் ஏறினால் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். அது இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் அங்கே போக ஒரே பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். டாப் ஸ்டேஷனும் அப்படியே: மூணாற்றுச் சுற்றுலா என்று விளம்பரம், நிற்கும் மண் தமிழ்நாடு. அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் காட்டுத்தடத்தில் 'சென்ட்ரல்' என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கம்பிவடத்தின் இடை நிலையம் இருந்த இடம். கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடையிலான சரிவில்தான் 2018 மார்ச்சில் காட்டுத்தீ மலையேற்றத்துக்குப் போனவர்களைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பழைய தேயிலைத் தடம் என்றால் இன்றைய தமிழனுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தீதான்.

இன்று போடி ரயிலில் யார் ஏறுகிறார்கள்? சென்னையில் வேலை பார்க்கும் எஸ்டேட் பிள்ளைகள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மலைக்குத் திரும்ப. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள். மதுரைக் கல்லூரிக்குப் போகும் மாணவர்கள். ஏலக்காய் வியாபாரிகள். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடப்பதால் வியாபாரம் இன்னும் இந்த ஊரைச் சுற்றித்தான் நடக்கிறது. சரக்கு மட்டும் லாரியில் போகிறது. கொழுக்குமலைச் சூரிய உதயம் பார்க்கப் போகும் சென்னைக் கூட்டமும் இருக்கிறது. நூறு ஆண்டு முன்பு சரக்கு ரயிலில் போனது, ஆட்கள் நடந்தார்கள். இன்று ஆட்கள் ரயிலில், சரக்கு சாலையில். நல்ல மாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கூட்டம் ரயிலில் ஏறுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறி, பொழுது சாயும்போது இறங்கும் பெண்கள். அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி அடிக்கடி பத்திரிகையில் ஒற்றைப் பத்தியில் வரும். கொட்டகுடிச் சரிவில் நடந்து ஏறியவர்களின் பேத்திகள் இவர்கள்.

பொம்மை ரயிலா, இரவு ரயிலா

குண்டளை ரயிலின் மிச்சம் என்ன? மூணாற்றுப் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. பிளாட்பாரம் இருந்த இடத்தில் சாலை. நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்தில் இன்ஜின் சக்கரம் ஒன்று. மூணாறு–டாப் ஸ்டேஷன் சாலையில் நாம் காரில் போகும் தடத்தின் பெரும்பகுதி, அந்த ரயில் போன தடம்தான். டாப் ஸ்டேஷனில் சரிவின் விளிம்பில் வடத்தின் சிதைவுகள்.

2019 வாக்கில் கேரள சுற்றுலாத் துறை இந்த ரயிலை மறுபடி ஓட்ட முடியுமா என்று ஆராயத் தொடங்கியது. டார்ஜிலிங்கை உதாரணம் காட்டினார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. தண்டவாளம் மட்டும் வரவில்லை. வந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. மாட்டுப்பட்டி அணைக்கட்டை ஒட்டி ஒரு குட்டி ரயில் போனால் பிள்ளைகள் குதிப்பார்கள். நானும் ஒரு டிக்கெட் எடுப்பேன். ஆனால் 1924-இல் கரையை ஒட்டிய பாதை என்ன ஆனது என்பதையும், 2018 ஆகஸ்டில் அதே மூணாறு மறுபடி மூழ்கியதையும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயத்தோடு மண்ணில் புதைந்த தொழிலாளர் குடும்பங்களையும் மறந்துவிட்டு அங்கே தண்டவாளம் போட முடியாது. சுற்றுலாப் பயணி வந்துபோக ரயில் போடும் முன், மண் சரியும் சரிவுகளில் வசிப்பவர்களுக்குப் பத்திரமான வீடு வேண்டும்.

என் கணக்கில் குண்டளை ரயிலின் உண்மையான வாரிசு, இரவில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் போடி ரயில்தான். இடுக்கி மலையின் கிழக்குப் பாதிக்கு இருக்கும் ஒரே நடைமுறை ரயில் அது. அதை ஒரு கம்பெனியின் கணக்கு தீர்மானிக்கவில்லை. தேனிக்காரர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். கேட்க ஆள் இருக்கும் ரயில் பிழைக்கும் என்று ஊட்டி காட்டியிருக்கிறது. மலைமேல் இருப்பவர்களும் இதை எங்கள் ரயில் என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் மூன்று நாள் என்பதைத் தினசரியாக்க வேண்டும். ரயில் போடிக்கு வந்து சேரும் காலை நேரத்தைக் கணக்கிட்டு, நிலைய வாசலிலிருந்தே போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி வழியில் ஒரு பஸ்ஸும், மாலை ரயிலைப் பிடிக்க மேலிருந்து ஒரு பஸ்ஸும் வேண்டும். தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகம் விட்டாலும் சரி, கேரள அரசு பஸ் வந்தாலும் சரி, ஏறுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். சூரியநெல்லி, சின்னக்கானல், பூப்பாறை வாசகர்கள் இதை ஒரு மனுவாக எழுதி, மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒன்றும் தேனி, இடுக்கி இரண்டு தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒவ்வொன்றுமாக அனுப்புங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள்.